மழலையர் வகுப்பில் வீட்டு மொழி: பட்டமளிப்பு விழா உரை

பெங்களூரின் காக்ஸ் டவுனில் ஒரு குழந்தை அங்கன்வாடி வாசலை மிதிக்கும்போதே அதன் காதில் மூன்று, நான்கு மொழிகள் விழுந்திருக்கும். 1809இல் இந்த ஊரில் கண்டோன்மெண்ட் அமைந்த பிறகு பட்டாளத்தை ஒட்டி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இந்த வட்டாரத்தில் இன்றும் நிறையப் பேர். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது அல்லது தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கடைப் பலகையில் ஆங்கிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. இங்கே ஒரு மொழி மட்டும் தெரிந்த குழந்தைதான் அபூர்வம்.

ஆசிரியர் பயிற்சி இதை வெகு தாமதமாகவே கவனித்தது. இந்த மேடைக்கு அழைக்கப்பட்ட நான் மாணவராக இருந்த காலத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடத்தில் தனி இடமே கிடையாது. ‘மெதுவாகக் கற்போர்’ என்ற தலைப்பின் கீழ் அவர்களையும் சேர்த்துவிடுவார்கள். இன்று பட்டம் பெறுவோருக்கு அந்தக் குறை இல்லை. அவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வாழ்த்துகள்.

வகுப்பில் இந்த மொழிக் கலப்பு எப்படி வரும் என்று பாருங்கள். கர்நாடகத்தில் 2013இல் தொடங்கிய க்ஷீர பாக்ய திட்டத்தின்படி அங்கன்வாடிகளில் பால் தருகிறார்கள். டம்ளரைத் தொட்ட தமிழ்க் குழந்தை, “மிஸ், ஹாலு சூடா இருக்கு” என்கிறது. ‘ஹாலு’ கன்னடம், மற்றது தமிழ். இதைப் பிழை என்று திருத்துபவரும் உண்டு. நல்ல ஆசிரியர், “ஹாலு பிசி இதியா? ஊதிக் குடி” என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை நீட்டுவார். குழந்தை சொல்ல வந்தது சொல்லப்பட்டுவிட்டது. அதன் கன்னட வடிவமும் காதில் விழுந்துவிட்டது. திருத்தம் என்ற பேச்சே எழவில்லை.

இந்த இடத்தில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. பழங்கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து. படம் காட்டி இந்தச் சொற்களை இரண்டிரண்டாகச் சொல்லவிட்டால், நாலு வயதுப் பிள்ளைகளில் சிலர் அடுத்த சொல்லைத் தாங்களே ஊகிக்கப் பார்ப்பார்கள். சில சமயம் தப்பாகவும் ஊகிப்பார்கள். ஊகிக்க முற்படுவதே பெரிய விஷயம். பாட்டு நேரத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைப்பது கடினம். செலவும் ஒரு பைசா கிடையாது.

இரண்டு மொழி மூளையைக் குழப்பும் என்ற அச்சம் பழையது. மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. இருமொழி அறிவைக் கூட்டும் என்ற கூற்று மீது இன்னும் வாதம் நடக்கிறது. கெடுக்கும் என்பதற்கோ ஆதாரம் நிற்கவில்லை. குழந்தைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போதும் இரு மொழிக் கணக்கையும் கூட்டியே பார்க்க வேண்டும். கன்னடத்தில் மட்டும் எண்ணினால், தமிழில் சரளமாக வாயாடும் பிள்ளைகூட ஊமையாகத் தெரியும். சேர்ந்த புதிதில் சில குழந்தைகள் வகுப்பில் பல வாரம் வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கும், அதுவும் கற்றல்தான். ஆனால் மூன்று வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை ‘இரண்டு மொழி, அதனால்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் போன்ற இடத்தில் பரிசோதிக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கம் கதை நீளமானது. அரசமைப்பின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்யச் சொல்கிறது. பயிற்று மொழியைப் பள்ளிகள் மீது அரசு திணிக்க முடியாது என்று 2014இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் கன்னடத்தைப் பள்ளிகளில் ஒரு பாடமாகக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இவற்றில் எதுவும், அழும் குழந்தையை எந்த மொழியில் தேற்றுவது என்று ஆசிரியருக்குச் சொல்லித் தருவதில்லை. வீட்டு மொழியில்தான் தேற்ற வேண்டும். ஆசிரியருக்குத் தமிழ் வராவிட்டால் ஆயாவுக்கு வரும். அவருக்கும் வராவிட்டால் பேரனைக் கொண்டுவந்து விடும் பாட்டியைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லலாம்.

பெற்றோரிடம் “வீட்டில் இங்கிலீஷே பேசுங்க” என்று அறிவுரை சொல்வதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் தாய் பேசத் தொடங்கியதும் வீட்டுப் பேச்சு “ஈட்”, “கம்”, “ஸிட்” என்ற கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. கதை, கேலி, ஏன் எதற்கு என்ற கேள்வி எல்லாம் நின்றுபோகின்றன.

எழுத்துக்கு அவசரம் வேண்டாம். தமிழில் ஒரே ககரம் நிற்கும் இடத்தில் கன்னடத்துக்கு நான்கு எழுத்துகள். முதலில் பிள்ளை திணறும். ஆனால் ‘கல்’, ‘தங்கம்’ என்று சொல்லும் வாயில் அவற்றுள் இரண்டு ஒலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் காதால் பிரித்துக் கைதட்டிக் காட்டும் விளையாட்டு ஓரளவு பழகிய பிறகு சிலேட்டைக் கையில் கொடுத்தால் போதும்.