சாயம் போடுபவரின் சிறுநீரைச் சோதியுங்கள்!

ஆரணி நெசவாளப் பெருமக்களே, சாயப்பட்டறைத் தோழர்களே, தாய்மார்களே!

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சேலை பிறந்த ஊருக்குச் சான்று உண்டு. அந்தச் சேலைக்கு நிறம் ஏற்றியவர் நோயில் விழுந்தால், எந்தப் பட்டறையில் எத்தனை ஆண்டு நின்றார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் உண்டா?

கொதிக்கிற சாயத்தில் நூலைத் திருப்பிப் போடும்போது அமில ஆவி கண்ணைக் கரிக்கும். பழைய நிறத்தை உரிக்க ஹைட்ரோஸ் போட்டால் மூச்சு முட்டும். இவை அன்றைக்கே தெரிந்துவிடும். நான் அஞ்சுவது அன்றைக்குத் தெரியாத கேட்டுக்கு! 1895இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் கட்டிகளைக் கண்டு எழுதினார். சாயம் செய்யப் பயன்பட்ட பென்சிடின் என்ற வேதிப்பொருள் புற்றுநோய் தரும் என்பது பிறகு உறுதியானது. நோய் வெளிப்பட இருபது ஆண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அதற்குள் பட்டறை மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார். சிறுநீரில் ரத்தம் கண்டு பதறி மருத்துவமனைக்கு வருபவரிடம் பீடி குடிப்பீர்களா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், பீடியும் காரணம்தான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஏன் கேட்பதில்லை?

தடை இருக்கிறதே என்பார்கள். பென்சிடின் சாயங்கள் 42க்கு 1993இல் தடை; அசோ சாயங்கள் 70க்கு 1997இல் தடை. சரி, பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சாயம் எது என்று பட்டறையில் நிற்பவருக்கு யார் சொன்னது?

சட்டமோ தலையை எண்ணுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நாலு பேர் நிற்கும் பட்டறை எந்தக் கணக்கில் வரும்? நஞ்சு ஆள் எண்ணிப் பார்த்தா உடம்பில் ஏறுகிறது?

கொடைக்கானலைப் பாருங்கள். இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டது என்று முறையிட்ட 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்! சுட்டிக்காட்ட ஓர் ஆலை இருந்தவர்களுக்கே பதினைந்து ஆண்டு. சிதறிக் கிடக்கும் நமக்கு?

ஆகவே கேட்கிறோம்: சாயம் போடும் ஒவ்வொருவருக்கும், வேலையை விட்டவருக்கும், ஆண்டுதோறும் அரசு செலவில் சிறுநீர்ச் சோதனை வேண்டும். பொட்டலத்தின்மீது சாயத்தின் பெயர் தமிழில் வேண்டும். பட்டறை சிறிதென்று விலக்கு கூடாது.

அரசு வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, என்ன சாயம் என்று நினைவில் உள்ளதை எல்லாம் இன்றைக்கே எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். பிள்ளைகளே, எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தாருங்கள்!