செருப்பைக் கழட்டச் சொன்னது நான்தான்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தாப் பொறுத்துக்கங்க.

எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடன், தையல் தொழில் பத்தியெல்லாம் நல்லாச் சொன்னாங்க. நான் செருப்பைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 12 வருஷமாச் சர்க்கரை. பாதம் மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துட்டு எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார். அதுல உள்ள மெத்துன்னு ஒரு ரப்பர் இருக்கும். உடம்பு பாரம் ஒரே இடத்துல அழுத்தாம பாதம் பூராவும் பரவும். பின்னாடி பட்டை இருக்கிறதால, கால் மரத்தவங்களுக்கும் கழண்டு போகாது. வீட்டுக்குள்ளேயும் போடணும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

மழைக்காலம் முழுக்க ஒழுங்காப் போட்டாங்க. பங்குனி பிறந்ததும், "கசகசங்குது, கனமா இருக்கு"ன்னு கழட்டிப் போட ஆரம்பிச்சாங்க. நானும் கண்டுக்கல. சித்திரையில மாரியம்மனுக்குப் பால்குடம். அன்னைக்கு மட்டும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அவங்களே செருப்பை எடுத்தாங்க. "சாமி காரியத்துக்குச் செருப்பா? ஊரு என்ன சொல்லும்?"னு கழட்டச் சொன்னது நான்தான்.

பதினோரு மணி வெயில், தார் ரோடு. நாங்கெல்லாம் ஓரத்து மண்ணுல ஓடி ஓடி நடந்தோம். அத்தை மட்டும் நடு ரோட்டுல நிதானமா நடந்தாங்க. அம்மன் அருள்னு நாங்க கும்பிட்டோம். சுடுறதே அவங்களுக்குத் தெரியலைங்கிறது யாருக்கும் புரியல.

மறுநாள் வீட்டுச் சிமெண்ட் தரையில ஈரத் தடம் தெரிஞ்சது. தண்ணி கொட்டிருச்சுன்னு துடைக்கப் போனேன். அது அத்தை பாதத்துல கொப்புளம் உடைஞ்ச நீர். "வலிக்கவே இல்லையே"ன்னாங்க. அந்தப் புண்ணு சீழ் பிடிச்சு, 22 நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

இப்ப வெயில் காலத்துல நாங்க செய்யுறதைச் சொல்றேன். தினம் ராத்திரி அத்தை பாதத்தை விளக்கு வெளிச்சத்துல பார்ப்பேன். அடிப்பாதம், விரல் இடுக்கு எல்லாம் பார்க்கணும். பச்சைத் தண்ணியில கழுவி, இடுக்குல ஈரம் இல்லாமத் துடைச்சிடுவேன். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். விரல் இடுக்குல தடவக் கூடாது. காய்ப்பு, ஆணியைப் பிளேடால சீவவே கூடாது. செருப்பு போடுறதுக்கு முன்னாடி கவிழ்த்துத் தட்டி, உள்ள கையை விட்டுப் பார்த்துடணும், முள்ளு கல்லு இருக்கும். வேர்வை நாத்தம் வந்தாத் துடைச்சு நிழல்ல காய வைக்கணும், வெயில்ல வேணாம். கசகசப்புக்கு மெல்லிசான பருத்தி சாக்ஸ் போட்டு விடுறேன். தினம் ஒண்ணு துவைக்கணும், அவ்வளவுதான். சின்னக் கொப்புளம்னாலும் கை வைத்தியம் பார்க்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ரப்பர் தட்டையாயிட்டா செருப்பை மாத்தணும். போன வருஷம் அதுக்குக் குழுவுல உள்கடன் கேட்டேன். "செருப்புக்குக் கடனா?"ன்னு சிரிச்சாங்க. கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்னுருச்சு, தீர்மான நோட்டுல எழுதிக் கொடுத்தாங்க.

இந்த வருஷமும் அத்தை பால்குடம் எடுத்தாங்க. செருப்போடதான் நடந்தாங்க. கோயில் வாசல்ல பந்தல் நிழல்ல கழட்டி, ஈரச் சாக்கு மேல நடந்து உள்ள போனாங்க. ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க. பூசாரி ஐயாதான், "கால் இருந்தாத்தானே அடுத்த வருஷமும் ஆத்தாளைப் பார்க்க வர முடியும்"னாரு.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும், சர்க்கரை உள்ளவங்க பாதத்தை ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்குவோம். அஞ்சு நிமிஷம் போதும். வீட்டுல இருக்கிற பெரியவங்க காலையும் இன்னைக்கு ராத்திரியே பாருங்க. வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதனால கேட்கிறதோட விடாதீங்க, கண்ணால பாருங்க.