சார்பும் வரையறையும்: எது முதலில்?

பள்ளி இயற்கணிதத்தில் சார்பை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி உங்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயல் வரிசைச் சோடியில் தொடங்கி, கார்டீசியன் பெருக்கல், உறவு என்று ஏறிச் சார்புக்கு வருகிறது. அந்த வரிசையே பழுதற்றது என்பது துறை நண்பர்கள் பலரின் கட்சி. சேர்ந்து மாறும் இரண்டு அளவுகளை மாணவர் முதலில் கையாள வேண்டும், வரையறை பிறகு வந்தால் போதும் என்பது என் கட்சி. இந்த வழக்கை இன்று முடித்துக்கொள்ள விரும்புகிறேன்.

20 மீட்டர் கயிற்றால் ஒரு செவ்வகத்தை வளைப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கத்தை 10-லிருந்து கழித்தால் அடுத்த பக்கம்; இரண்டையும் பெருக்கினால் பரப்பு. பக்கம் 1, 2, 3, 4, 5 மீட்டர் என ஏற, பரப்பு 9, 16, 21, 24, 25 சதுர மீட்டர் என ஏறுகிறது. ஏற்றம் 7, 5, 3, 1 என்று தளர்வதை மாணவர் தாமே காண்பார். 5-க்கு அப்பால் பரப்பு இறங்கும் என்பதைக் கணக்கிடும் முன்பே சொல்லிவிடுவார். பக்கம் 12 என்றால் கோவை −24 என்று விடை தரும், ஆனால் அப்படியொரு செவ்வகம் கிடையாது. மதிப்பகம் எதற்கு என்பது இங்கேதான் விளங்குகிறது. 30 சதுர மீட்டர் எத்தனை முயன்றாலும் கிடைக்காது. வீச்சகம் 25-இல் முடிகிறது. பக்கம் 3 ஆனாலும் 7 ஆனாலும் பரப்பு 21. ஆகவே பரப்பைச் சொன்னால் தொடங்கிய பக்கம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்றான சார்பு ஏன் தனிப்பெயர் பெற்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 5-க்கு மேற்படாத பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் நீங்கி, நேர்மாறும் கிடைத்துவிடுகிறது. இன்னொன்று: 2-க்கு 16, 3-க்கு 21, கூட்டினால் 37. ஆனால் 5-க்கு 25 மட்டுமே. இரண்டு எண்களின் கூட்டலுக்குரிய மதிப்பை, தனித்தனி மதிப்புகளின் கூட்டலாகப் பிரித்து எழுதும் பரவலான பிழையை விதி சொல்லித் தடுப்பதைவிட இந்த மூன்று எண்கள் நன்றாகத் தடுக்கும். நூலின் அந்த இயலில் வரும் கலைச்சொற்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கயிற்றுக்குள் தேவை கருதிப் பிறந்துவிடுகின்றன.

இப்படித் தொடங்கினால் சார்பு என்றாலே சூத்திரம் என்று மாணவர் எண்ணிவிடுவார் என்பது நண்பர்களின் வலுவான மறுப்பு. அஞ்சத்தக்கதே. ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? 1748-இல் ஆய்லர் சார்பைக் கோவையாகத்தான் வரையறுத்தார். 1755-இல் ஒன்று மாற மற்றொன்று மாறும் அளவு என்று விரித்தார். ஒரே விதிக்குள் அடங்க வேண்டியதில்லை என்று டிரிஷ்லே 1837-இல் எழுதினார். வரிசைச் சோடிகளின் கணம் என்ற வடிவம் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டில். கணித மேதைகளுக்கே இத்தனை தலைமுறை கழித்துத் தேவைப்பட்ட வடிவத்தைப் பதினைந்து வயதினர்க்கு முதல் வாசலாக வைப்பது துல்லியமாகாது. அந்த வரையறை சூத்திர மயக்கத்தைப் போக்குகிறதா என்றால், அதுவும் இல்லை. வின்னர், டிரைஃபஸ் இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வரையறையைச் சரியாக எழுதியவர்களிலேயே பலர், கொடுத்தது சார்பா என்று முடிவு செய்யும்போது அதைப் பயன்படுத்தவில்லை. மயக்கத்துக்கு மருந்து இரண்டாவது எடுத்துக்காட்டு: ஒரு நாளின் வெப்பநிலைப் பதிவு. அதற்குச் சூத்திரம் இல்லை, ஆனாலும் அது சார்பு.

வரைபடம் பற்றி விரிக்க நேரமில்லை. குத்துக்கோட்டுச் சோதனை ஏன் செல்லும் என்று கேட்காமல் கோடு மட்டும் போடச் சொல்வது வீண் என்பதோடு நிறுத்துகிறேன். சார்புச் சிந்தனை பள்ளிக் கணிதத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்று ஃபெலிக்ஸ் கிளைன் வற்புறுத்தியதும், 1905-இன் மெரான் பாடத்திட்டம் அதை ஏற்றதும் தனியே ஆராயத்தக்கவை. எஃப் ஆஃப் எக்ஸ் என்ற குறியீட்டைப் பெருக்கலாகப் படிக்கும் பிழை, நேர்விகிதப் பாடத்திலேயே சார்புக்கு அடியிட முடியுமா என்பது, தேர்வு வினாக்களின் அமைப்பு ஆகியவற்றை இளைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளலாம். பாடநூல் எழுதும் குழுவினரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த திருத்தத்தில் வரிசைச் சோடியை இயலின் பிற்பகுதிக்கு நகர்த்துங்கள்.