பெயரும் யோக்கியதையும்

(தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், குழந்தைக்குப் பெயர் வைக்கும் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்காகக் கூடியிருக்கிறோம். நட்சத்திரம் பார்க்கவில்லை, புரோகிதர் வரவில்லை. பெற்றோர்களே பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை அவர்கள் சொல்லுவதற்கு முன், பெயர் என்கின்ற விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"பெயரில் என்னய்யா இருக்கிறது? கூப்பிடுவதற்கு ஒரு சத்தம்தானே!" என்று சிலர் கேட்கலாம். வெறும் சத்தம்தான் என்றால், மனுவுக்கு அதைப் பற்றிச் சட்டம் செய்யவேண்டிய அவசியம் ஏன் வந்தது? பிராமணன் பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் பொருளையும், சூத்திரன் பெயர் இழிவையும் காட்டவேண்டும் என்பது மனுதர்மம் 2-வது அத்தியாயம் 31-வது சுலோகத்தின் விதி. பிறந்து பத்து நாளான குழந்தை என்ன குற்றம் செய்தது? அது யோக்கியனாகுமா, அயோக்கியனாகுமா என்று யாருக்காவது தெரியுமா? பின்னால் அவனைக் காண்கிறவன் எல்லாம், கண்டவுடனே மரியாதை கொடுப்பதா, எட்ட நிறுத்துவதா என்று தெரிந்துகொள்வதற்காகக் குத்திய முத்திரையல்லாமல் அது வேறென்ன?

சுலோகம் படிக்காத நம் கிராமங்களிலும் இதே முத்திரைதான் இருந்தது. முனியப்பன் கோவில் இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர்களில் உண்டு. அந்தச் சாமி பெயரை ஊர்த் தெருவில் வைத்தால் 'முனியப்ப கவுண்டர்'. சேரியில் வைத்தால் வெறும் 'முனியன்'. சாமி ஒன்றுதான், வால் மட்டும் வேறு! அறுபது வயதுக் கிழவரை, மீசை முளைக்காத பையன் "டேய் முனியா" என்று கூப்பிட்டதையும், கிழவர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சாமி" என்று ஓடியதையும் கண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

இதனால்தான் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில், ஜாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். பெரியாரும் தம் பெயருக்குப் பின்னாலிருந்த 'நாயக்கர்' என்பதை எடுத்தெறிந்தார். 1932-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபின், எல்லோரையும் 'தோழர்' என்றே அழைக்கும்படி சொன்னார். இன்று மற்ற மாகாணங்களில் பெரிய படிப்பாளிகளும் ஜாதி வாலோடு நடமாடும்போது, தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடுவது இந்த வேலையினால் கிடைத்த பலனேயாகும்.

வால் இருந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இரண்டு அறிஞர்கள் 2007-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் போடப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒத்திருந்தும் பெயர்கள் மட்டும் வேறு வேறு ஜாதி மதத்தைக் காட்டின. உயர்ஜாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 3 பங்கு என்றால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறத்தாழ 2 பங்கு. முஸ்லிம் பெயருக்கு 1 பங்கு! ஆளை ஒருவரும் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நிற்க. வாலை அறுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியுமா?

தர்மபுரியில் அரூர் பஸ் ஏறுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் கேட்கிறார், சொல்லுகிறீர்கள். ஜாதி தெரியவில்லை. அதனால் மனிதனாகவே பழகுகிறார், கடலை கொடுக்கிறார், குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளுகிறார். பிறகு மெதுவாக, "எந்த ஊருங்க?" என்கிறார். அடுத்தாற்போல, "ஊரிலேங்களா, காலனியிலேங்களா?" என்கிறார். பதிலைக் கேட்டதும் கடலை நீட்டின கை மடங்கிவிடுகிறது. அரை மணிக்கு முன் நம்பிக் குழந்தையை வாங்கினவர் அவர்தானே? இதற்குள் நீங்கள் செய்த துரோகம் என்ன?

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நம் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7-ஆம் தேதி நடந்ததை மறந்துவிடக்கூடாது. ஜாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து, நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களில் தாழ்த்தப்பட்ட மக்களின் 200-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அண்ணா நகர் என்பது எவ்வளவு நல்ல பெயர்! அந்தப் பெயர் ஒரு கூரையையாவது காப்பாற்றியதா? ஆகவே பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பெயரைத் தோண்டி ஜாதியைத் தேடும் புத்தியை மாற்றவேண்டும்.

இதில் நம்மவர்களும் குற்றவாளிகளே. தம் பெயரில் பட்டம் போடாத தோழர், மகள் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்கிறார். கேட்டால், "பெரியவர்கள் மனம் நோகுமே" என்கிறார். இன்னொரு பக்கம், ஒருவருக்கு நல்ல தமிழ்ப் பெயர் இருந்துவிட்டால், அவர் கொள்கைக்காரர் என்று நம்பிக் கடன் கொடுத்துவிட்டு நாமே விழிக்கிறோம். ஜாதிப் பெயரைக் கண்டு நம்புவது மூடத்தனம் என்றால், தமிழ்ப் பெயரைக் கண்டு நம்புவது மட்டும் பகுத்தறிவாகுமா? பெயர் வைத்தவர் தாய் தகப்பன், நடந்துகொள்ளுகிறவர் அவர். நடத்தையைப் பார்த்து நம்புங்கள், அல்லது நம்பாதிருங்கள்.

ஆகவே தோழர்களே! பத்திரிகையிலும், கடைப் பலகையிலும், சாவு அறிவிப்பிலும் பட்டம் போடுவதில்லை என்று இன்றே முடிவு செய்யுங்கள். பஸ்ஸில் பக்கத்திலிருப்பவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்காதிருங்கள். உங்களை யாராவது கேட்டால், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு யோக்கியமான பதில் சொல்ல அவரால் ஆகாது.

இந்தக் குழந்தையின் பெயரைக் கேட்கப்போகிறோம். அதைக் கேட்டவுடன் யாருக்காவது "எந்தத் தெரு?" என்று மனதில் தோன்றினால், குறை குழந்தையிடமோ பெயரிடமோ அல்ல, நம்மிடமே என்று உணரவேண்டும். இது பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்குரிய பெண் எழுந்து நிற்கவேண்டும். அவளோடு ஒரு ஜாதியும் எழுந்து நிற்கக்கூடாது.

பெற்றோரைப் பெயர் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, நம் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.