கரும்பலகையோடு வந்த அமைச்சர்

கானடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையோரின் தாய்மொழி பிரெஞ்சு. அங்கே 1956-ஆம் ஆண்டில், ரேடியோ-கானடாவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில், ரெனே லெவெக் என்னும் செய்தியாளர் உலக நடப்பை விளக்கத் தொடங்கினார். கையிலே சுண்ணக்கட்டி, பின்னே கரும்பலகையும் தேசப்படமும், விரலிடுக்கில் சிகரெட். (அதனை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டா!) சூயஸ் கால்வாய்ச் சிக்கலையும் எளிய மக்களுக்கு விளங்கவைத்தார்.

1958 டிசம்பர் இறுதியில் அந்நிலையத்தின் தயாரிப்பாளர்கள் சங்க உரிமை கோரி வேலைநிறுத்தம் செய்தனர். லெவெக் அவர்கள் பக்கம் நின்றார். இரு மாதங்கள் கடந்தும் ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு வாளாவிருந்தது. முடங்கியது ஆங்கில ஒளிபரப்பாயின் இவ்வாறு இருந்திருப்பார்களா? இவ்வினா அவர் நெஞ்சில் தைத்தது. அவரை அரசியலுக்கு ஈர்த்தது பதவி வேட்கையன்று, இவ்வினாவே என்பது என் துணிபு.

1960-இல் சட்டமன்றம் புகுந்து அமைச்சரானார். தனியார் மின் நிறுவனங்களை அரசுடைமையாக்குவதே 1962-ஆம் ஆண்டுத் தேர்தலின் தலையாய பிரச்சினை. லெவெக் பழைய கரும்பலகையையே துணைக்கொண்டார். மின்கட்டணம் ஊருக்கு ஊர் ஏன் வேறுபடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். மக்கள் இசைந்தனர். 1963-இல் அந்நிறுவனங்கள் ஹைட்ரோ-கியூபெக் வசமாயின.

பின்னர்த் தனிக்கட்சி கண்டு, 1976-இல் மாகாண முதல்வரானார். கியூபெக்கின் தன்னாட்சி குறித்துப் பேச்சு நடத்த 1980-இல் மக்களின் ஆணை வேண்டினார். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர். அத்தீர்ப்பை அவர் தலைவணங்கி ஏற்றார். மறு ஆண்டுத் தேர்தலில் அம்மக்களே அவரை மீண்டும் முதல்வராக்கினர்.