ஆசிரியர் கண் காணாத இடத்தில்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)

 

மாணவர் ஒழுக்கம் பற்றிப் பேசும்படி மன்றத்தார் எம்மைப் பணித்தனர். வழக்கமாக இப்பொருளைப் பேசுவோர் மூத்தோர், கேட்டுக்கொண்டிருப்போர் இளையோர். இம்முறை இளையோரையே பேச விட்டிருக்கிறார்கள். பிறர்க்கு உபதேசம் செய்யும் வயது எமக்கு இன்னும் வரவில்லை. ஆகையால், பாடசாலைக் கதவு அடைபட்டிருந்த காலத்தில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை ஒளியாமல் சொல்லி, அதிலிருந்து சில முடிவுகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். "நாம்" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளுகிறான் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த "நாம்" என்பதில் முதல் ஆள் இப்போது உங்கள் முன் நிற்பவனே.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி, மறுநாள் முதல் பாடசாலைகள் மூடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அன்று நாம் மகிழ்ந்தோம் என்பதே உண்மை. இரண்டு கிழமை விடுமுறை என்று கடற்கரைக்கு ஓடினோம். ஆனால் அந்த விடுமுறை முடியவேயில்லை. திறந்தார்கள், மூடினார்கள், மறுபடியும் திறந்தார்கள். 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய கதவுகள், அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதிதான் மெல்லத் திறக்கத் தொடங்கின. அதுவும் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கு மட்டும். 2021க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் நடந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எரிபொருள் பஞ்சம் வந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஜூலையில், வாரத்துக்கு மூன்று நாள் பாடசாலை, மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடியே படிப்பு என்ற ஏற்பாடு வந்தது. பாதி பாடசாலை, பாதி வீடு என்ற இந்த இரட்டை வாழ்வை நமது தலைமுறை கண்டது.

இத்துன்பம் நமக்கு மாத்திரம் வந்ததன்று. 2020 ஏப்ரலில் 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர் பாடசாலையின்றி இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. உலகுக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பாடசாலைகள் திறக்கவில்லை. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி மூலம் பாடம் நடத்தினார்கள். அன்றன்றைய பாடக் குறிப்புக்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. வானொலிப் பெட்டிக்கு முன் அமர்ந்திருந்த அந்தப் பிள்ளை கேட்கிறதா உறங்குகிறதா என்று பார்க்க ஆசிரியருக்கு வழியில்லை. அன்றைக்கும் கேள்வி அதுதான். இன்றைக்கும் கேள்வி அதுதான். ஆசிரியர் கண் காணாத இடத்தில் மாணவன் என்ன செய்கிறான்?

இந்தக் கேள்வி நம் முன்னோர்க்கும் தெரியாததன்று. ஏகலைவன் கதையைக் கோயில் திண்ணையிலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துரோணர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டிலே மண்ணால் அவருடைய உருவம் ஒன்று செய்து வைத்து, அதன் முன் நின்று வில்வித்தை பழகினான். வரவு பதிய ஆளில்லை. தூங்கினால் தட்டி எழுப்ப ஆளில்லை. பின்னர் அவனுடைய கட்டைவிரலைக் கேட்டது நீதியா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த மண்ணுருவம் அவனுக்கு மெய்யான குருவாகவே இருந்தது. நமக்கோ பேசுகின்ற, சிரிக்கின்ற, பெயர் சொல்லி அழைக்கின்ற ஆசிரியரின் உருவம் கைக்குள்ளேயே வந்தது. ஏகலைவன் தன் கட்டைவிரலால் நாண் இழுத்தான். நாம் நம் கட்டைவிரலால் ஆசிரியரைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனோம்.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டு வகையாகப் பிரித்துச் சொல்லுவதை நீங்கள் அறிவீர்கள். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் நடுவில் நிற்போருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்பன கடைப்பட்டோருக்கு. இந்தக் கடைசி நான்கையும் ஒருவனே ஒரே நாளில் செய்துகாட்டலாம் என்பதை இணையவழி வகுப்பிலே நாம் நிரூபித்தோம். ஒரு பாடத்தில் வாய்வைத்து உடனே இன்னொன்றுக்குத் தாவும்போது ஆடு. குழுவெங்கும் வீண் பேச்சை நிரப்பித் தெளிந்த நீரைக் கலக்கும்போது எருமை. பாடத்தை விட்டுவிட்டு ஆசிரியர் தடுமாறிச் சொன்ன ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் பன்னாடை. ஓட்டைக் குடத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, நாம் செய்தவற்றைச் சொல்லுகிறோம்.

காலையில் வகுப்புத் தொடங்கும். நமது பெயர் திரையிலே தெரியும். ஆசிரியை வரவு கேட்பார். "பிரசன்ட்" என்று எழுதிவிட்டுத் தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைப்போம். அல்லது காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிரிக்கெட் விளையாடப் போவோம். பைக்குள்ளிருந்து ஆசிரியையின் குரல் கேட்கும்: "புள்ளையள், விளங்குதா? ஆராவது கதையுங்கோ." நாற்பது பெயர்கள், நாற்பது கறுப்புக் கட்டங்கள், ஒரு குரல்கூட இல்லை. அவர் இன்னுமொரு முறை விளக்குவார். வகுப்பு நடத்த வேண்டிய டேட்டாவைத் தமது சம்பளத்திலிருந்தே அவர் வாங்கினார் என்பது பிற்பாடுதான் எமக்குத் தெரியவந்தது.

ஒருநாள் அந்த வகுப்பிலே யாரோ பொய்ப் பெயரோடு புகுந்து, பாடத்தின் நடுவே சினிமாப் பாட்டை உரக்கப் போட்டு, கேட்கத் தகாத வார்த்தைகளும் பேசினான். ஆசிரியையின் குரல் உடைந்தது. வகுப்பை மூடிவிட்டார். மூன்று நாள் வகுப்பில்லை. அந்த ஆள் மாணவனே அல்லன். வகுப்புக்குரிய இணைப்பையும் கடவுச்சொல்லையும் அவனுக்குக் கொடுத்தவர் நாமே. சிரிப்புக்காகக் கொடுத்தோம். "யார் செய்தது?" என்று ஆசிரியை குழுவிலே கேட்டபோது நாம் பார்த்தோம், பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறியும் விழுந்தது, பதில் எழுதவில்லை. இன்றுவரையும் எழுதவில்லை. இதைச் சபையிலே சொல்ல நாக்கூசுகிறது. ஆயினும் இதைச் சொல்லாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எமக்கு உரிமை கிடையாது.

இன்னுமொன்று. வைரசுக்கு முந்திய காலத்தில் இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றிலேதான் கணினி இருந்தது. ஆகவே நம்மூரில் பாடசாலை என்பது கைத்தொலைபேசியே. தாயின் காதிலும் கழுத்திலும் கிடந்தது அடகுக் கடைக்குப் போய்த் தொலைபேசியாகத் திரும்பி வந்த வீடுகள் உண்டு. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள். "அண்ணன் பெரிய சோதனைக்குப் படிக்கிறான்" என்று அது அண்ணன் கைக்கே போயிற்று. அண்ணன் வகுப்பு முடிந்து பப்ஜி விளையாடி, டேட்டாவும் மின்னேற்றமும் தீர்ந்த பிறகு, ஐந்தாந் தரத்துத் தங்கை கையிலே கொடுத்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கொப்பியை மதிலுக்கு மேலால் வாங்கி, குப்பி விளக்கிலே பார்த்து எழுதினாள். அவள் இழந்த பாடங்களுக்கு வைரசு மட்டுந்தானா காரணம்? அந்த அண்ணன்மார் பலர் இன்று இந்தப் பந்தலிலே இருக்கிறோம்.

அதே காலத்தில் பதுளை மாவட்டத்துப் போகித்தியாவ என்னும் சிற்றூரில், அலை கிடைக்காத காரணத்தால் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து பாறையுச்சியில் ஏறியிருந்து படித்தார்கள். யானையும் சிறுத்தையும் திரியும் வழியென்று பெற்றோர் துணைக்குப் போனார்கள். 2021இல் இச்செய்தி உலகமெங்கும் வெளியாயிற்று. நமக்கு மலையேறும் வேலையில்லை. மணலில் நின்றாலும் அலை கிடைக்கும். எமது மருதமுனை நண்பர் ஒருவர் 2021 மே மாதத்து நோன்புக் காலத்திலே, உச்சி வெயிலில், தண்ணீர்கூடப் பருகாமல் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்து, குறிப்பெழுதி, படம்பிடித்து நமக்கு அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு உறங்கிய நாம் அந்தக் குறிப்பை வைத்தே பரீட்சை எழுதினோம்.

இனி, நடத்தை எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு வருவோம். ஐந்து காரியங்களை மாத்திரம் சொல்லுகிறோம்.

முதலாவது, நேரம். மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள் நாம். அங்கே மணி அடித்தால் பேச்சு நிற்கும். அந்த மணி சுவரிலே தொங்கியதால் அடங்கினோமேயன்றி, மனத்திலே தொங்கவில்லை என்பதை வீட்டிலிருந்த காலம் காட்டிவிட்டது. வீட்டு வகுப்பாயினும் குளித்து, உடுத்து, ஓரிடத்தில் நிமிர்ந்து அமர்தல் வேண்டும். படுக்கையிலே கிடந்து கேட்ட பாடம் படுக்கையிலேயே கிடந்துவிடும்.

இரண்டாவது, பெயர். தன் பெயரில் தானே இருத்தல். பெயரை நிறுத்திவிட்டு ஆள் போவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது. வர முடியாவிட்டால், "டேட்டா இல்லை ரீச்சர்" என்று சொல்லுவதில் வெட்கமில்லை. முகம் காட்டும் கமராவை மூடிவைப்பதும் குற்றமன்று. அதற்குச் செலவு உண்டு, வீட்டு வறுமை ஊருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லும் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிறர் மானம். வகுப்பிலே தெரியும் ஆசிரியையின் முகத்தையோ சகமாணவியின் முகத்தையோ படமெடுத்து, கேலிப் படமாக்கிப் பரப்புதல் கொடிய செயல். வீதியிலே ஒரு பெண்ணைக் கேலி செய்தால் பெரியவர்கள் தட்டிக் கேட்பார்கள். தொலைபேசிக்குள்ளே தட்டிக் கேட்க நம்மைத் தவிர ஆளில்லை. வகுப்பின் கடவுச்சொல் வீட்டுத் திறப்புப் போன்றது. பிறர் கையிலே கொடுப்பதற்கில்லை. இதை நொந்து அறிந்தவர்கள் சொல்லுகிறோம்.

நான்காவது, பரீட்சை. ஒருவன் எழுதிய விடையை நாற்பது பேர் பார்த்தெழுதி, நாற்பது பேரும் அதே எழுத்துப் பிழையோடு அனுப்பிய கதையை ஆசிரியர்கள் அறிவார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு என்ற கருவி கட்டுரையையே எழுதித் தந்துவிடுகிறது. விளங்காததை அதனிடம் கேட்டு விளங்கிக்கொள்ளலாம். அது எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தல் களவு. பல்கலைக்கழகத்திலும் இச்சோதனை தினந்தோறும் நம் முன் நிற்கிறது.

ஐந்தாவது, பங்கிடுதல். வீட்டிலே ஒரே கருவி இருந்தால் நேரசூசி ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதிலே முதல் வரி இளைய பிள்ளைக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைக்கு இருக்கட்டும்.

நமக்கு வழிகாட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்மையிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே பயின்ற மயில்வாகனன், பிற்காலத்து விபுலாநந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். ஆசிரியத் தொழிலும் பார்த்துக்கொண்டு லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். லண்டனிலிருந்த பேராசிரியர் எவரும் அவருடைய மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தொலைவிலிருந்து கற்றல் என்பதை நாம் 2020இல் கண்டுபிடிக்கவில்லை. நமது மண்ணின் மகன் நூறாண்டுக்கு முன்பே அதனைச் செய்து முடித்தார்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு, பொறுத்தருள வேண்டும். பிள்ளை வகுப்பிலிருக்கும்போது அதே அறையிலே தொலைக்காட்சி முழங்கலாமா? வகுப்புக் குழுவிலே காலை வணக்கப் படங்களும் வதந்திகளும் நிரம்பினால் ஆசிரியர் அனுப்பிய பாடம் எங்கே தெரியும்? ஆசிரியரைப் பிள்ளைக்கு முன்னால் இகழ்ந்து பேசிவிட்டு, அவர் சொல்லை அது கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியை வாங்குமுன், நமது கையிலிருப்பதைக் கீழே வைப்போம்.

இதெல்லாம் முடிந்த கதை என்று சிலர் கருதலாம். ஆண்டுதோறும் மாரி மழை பெருகி வெள்ளம் வந்தால் பாடசாலை மூடப்படுகிறது. உடனே வகுப்புக் குழு விழித்துக்கொள்கிறது. மாலை வகுப்புக்கள் பலவும் திரையிலேயே நடக்கின்றன. ஆகவே மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறோம். நமது வாசிகசாலையில் ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் ஓர் இணைய இணைப்பும் ஒதுக்குவோம். பயன்படாமல் வீட்டிலே கிடக்கும் பழைய தொலைபேசிகளைச் சேர்த்துப் பழுதுபார்ப்போம். கருவியில்லாத பிள்ளைகள், நம்மூர்ப் பிள்ளையாயினும் அயலூர் முஸ்லிம் பிள்ளையாயினும், அங்கே வந்து படிக்கட்டும். முறைவைத்துக் காவலிருக்க இளைஞர் நாம் ஆயத்தம். முதற் கிழமைப் பொறுப்பை இப்பொழுதே ஏற்றுக்கொள்ளுகிறோம்.

ஆசிரியராயும் கவிஞராயும் விளங்கிய நீலாவணன் பிறந்த ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓர் ஆசிரியையைக் கண்கலங்க வைத்தோம் என்பது ஊர்ப் பெயருக்கு ஏற்றதன்று. அந்த ஆசிரியை இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். விழா முடிந்த மறுநாட் காலை, வெற்றிலை தட்டோடு அவர் வீட்டு வாசலிலே போய் நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுவோம். "விளங்குதா?" என்று கேட்டால், ஐந்து ஆண்டு பிந்தியாயினும், வாய் திறந்து பதில் சொல்லுவோம்.