விலகுமுன் அறிவித்தல்



வேலை தேடுவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் உளர். விண்ணப்பம் எழுதவும், நேர்முகத் தேர்வில் விடையிறுக்கவும் பயிற்சி தருவோர் ஊர்தோறும் இருக்கின்றனர். ஆனால், ஏற்றுக்கொண்ட வேலையை விட்டு விலகுவது எப்படி என்று சொல்லித்தருவார் அரியர். உங்களுள் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறப் போவதில்லை. ஆகவே, சேரும் முறையோடு விலகும் முறையையும் அறிந்துகொள்வது நன்று. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே கணக்கு நம் நாட்டில் இல்லை. 1946-ஆம் ஆண்டில் தொழிற்சாலைகளுக்கென மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள், மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஒரு மாதம் என்றும், ஏனைய தொழிலாளருக்கு இரண்டு வாரம் என்றும் அளவு கூறின. மத்திய அரசுப் பணியில் 20 ஆண்டுகள் நிறைந்த ஒருவர் தாமே விரும்பி ஓய்வு பெற வேண்டுமாயின், 3 மாதங்களுக்கு முன் எழுதித் தருதல் வேண்டும். பிரிட்டனிலோ, ஒரு மாதம் வேலை பார்த்தவர் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் சட்டத்திற்குப் போதும். ஒப்பந்தம் அதற்கு மேலும் கேட்கலாம். நம் நாட்டுக் கணிப்பொறி நிறுவனங்கள் பல, இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுகின்றன.

இக்கடமை தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டு இடைவிடாது உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி, ஒரு மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இல்லையேல் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அவ்விதியைக் கைவிடவில்லை. திடீரென்று வேலை இழப்பவன் வீட்டில் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்பது அதன் கருத்து. திடீரென்று ஆள் இழக்கும் இடத்தில் வேலை நின்றுவிடக் கூடாது என்பது மற்றொரு பக்கம். இரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.

இனி, சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மாலை மணி அடித்த பின் விலகல் கடிதத்தை என் மேசைமேல் வைத்தார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. வேறிடத்தில் நல்ல வேலை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. தர வேண்டிய சம்பளத் தொகையையும் அவர் குறைவறக் கட்டிவிட்டார். ஆனால், எந்தப் பாடம் முடிந்தது, எந்த மாணவன் எதில் பின்தங்கியுள்ளான் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. பொதுத் தேர்வு மார்ச்சில். பிள்ளைகள் இழந்த நாள்களை அத்தொகை மீட்டுத் தரவில்லை.

வேறோர் ஆண்டில் ஆசிரியை ஒருவருக்கும் அவ்வாறே புதிய வேலை கிடைத்தது. அவர் அங்கே எழுதிச் சேரும் நாளை மூன்று வாரம் தள்ளிக் கேட்டுப் பெற்றார். அந்த மூன்று வாரத்தில் எஞ்சிய பாடங்களை வரிசைப்படுத்தினார். மதிப்பெண் பதிவேட்டை முடித்தார். பின்தங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, அடுத்து வருபவரிடம் நேரில் ஒப்படைத்தார். மூன்று வாரம் என்பது சிறிய காலந்தான். ஆயினும் அது போதியதாயிற்று. ஏன்? நாள்களை அவர் எண்ணவில்லை, வேலையை எண்ணினார். முன்னறிவிப்பின் உண்மையான அளவுகோல் இதுவே: என் வேலையை மற்றொருவர் கையில் பழுதின்றி வைக்க எத்தனை நாள் வேண்டும்?

முன்னறிவிப்பு, விலகுபவருக்கும் பயன் தருவது. 1977-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பதவி விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15-ஆம் நாள் மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறித்த நாள் வருமுன் திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978-இல் தீர்ப்பாயிற்று. எல்லா வேலையிலும் இவ்வாறு திரும்ப இயலாது. ஒப்பந்தத்தையும் விதியையும் பொறுத்தது அது. எனினும், இடையில் உள்ள நாள்கள் ஆற அமர எண்ணிப் பார்க்கவும் இடம் தருகின்றன என்பது விளங்குகிறதன்றோ?

ஆதலால் சில யோசனைகள். நியமனக் கடிதத்தில் ஒப்பமிடும் முன் முழுதும் படியுங்கள். எத்தனை நாள் என்றும், அது இரு தரப்பிற்கும் சமமா என்றும், நாளுக்குப் பதில் பணம் கட்டலாமா என்றும் பாருங்கள். புதிய இடத்தார் முப்பது நாளில் அழைக்க, பழைய இடத்தார் தொண்ணூறு நாள் நிறுத்தினால், இடையில் தவிப்பவர் நீங்களே. புதிய வேலைக்குரிய ஆணை கைக்கு வந்த பின்னரே விலகல் கடிதம் கொடுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். மனக்குறைகளைக் கொட்டும் இடம் அதுவன்று. கொடுத்த நாளைக் குறித்து ஒப்புகை பெறுங்கள். மேலாளருக்கு உங்கள் வாயாலேயே முதலில் சொல்லுங்கள். பிறர் வழியாக அவர் கேள்விப்படலாகாது.

இவ்வறத்திற்கும் எல்லை உண்டு. உடல்நலம் கெடும் இடத்திலும், மானத்திற்கு ஊறு நேரும் இடத்திலும், உழைத்த கூலியைக் கொடாத இடத்திலும் நாள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை நிறுத்துவது முன்னறிவிப்பு ஆகாது. அது பிணை பிடித்தல். கட்டாய வேலையை நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. முறை தவறிப் பிரிந்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். அவரைக் கட்டி வைத்து வேலை வாங்க ஒண்ணாது.

மாணவச் செல்வங்களே, சேர்ந்த நாளில் நம்மை யாரும் முழுதும் அறியார். அன்று கிடைக்கும் மதிப்பு நம்பிக்கையின் பேரில் தரப்படுவது. விலகும் நாளில் நம்மை எல்லாரும் அறிவர்; அன்று கிடைப்பதே நாம் ஈட்டிய மதிப்பு. அடுத்து உங்கள் நாற்காலியில் அமர்பவர், நீங்கள் விட்டுச் சென்ற குறிப்பைத் திறந்து, தடுமாற்றமின்றி வேலையைத் தொடங்குவாராயின், நீங்கள் போதிய காலம் கொடுத்தே விலகினீர்கள் என்று கொள்ளலாம்.